முப்பத்துநான்கு பூட்டிய வீடுகள்

"இந்தத் தாளில் யாரோ செத்தவங்களை ஒளிச்சு வச்சிருக்காங்க," என்றார் கோமதிநாயகம்.

அவர் தூத்துக்குடியில் புள்ளியியல் பேராசிரியர். எதிரே நின்றவள் ஜெசிந்தா, மூன்றாம் ஆண்டு மாணவி. உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் நூற்றிருபது வீடுகள் ஏறி இறங்கி, யார் இருக்கிறார், யார் எந்த வயதில் இறந்தார் என்று கேட்டு எழுதி, ஆயுள் அட்டவணை போட்டிருந்தாள்.

"உப்பு அள்ளுறவங்க சராசரியா எழுபத்துரெண்டு வயசு வரை இருக்காங்களாம். நாம ரெண்டு பேரும் நாளைக்கே உப்பளத்துல சேர்ந்திடலாம்."

"மூணு தடவை போட்டுப் பார்த்தேன் சார். கணக்குல தப்பே இல்லை."

"கணக்குல இல்லை."

மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர் விட்டிருப்பார். ஓய்வூதிய வயதை அறுபதிலிருந்து ஐம்பதாகக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர் சங்கம் வெள்ளிக்கிழமை மனுக் கொடுக்கிறது. மனுவோடு போகப்போவது இந்த அட்டவணை. எழுபத்திரண்டைப் பார்த்தால் அதிகாரி அடுத்த பக்கம் புரட்டமாட்டார். அன்று திங்கள்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. "அப்போ பொய் சொன்னது யார் சார்? அந்த ஜனங்களா?"

கோமதிநாயகம் செருப்பை மாட்டினார். "வா, பஸ்ஸைப் பிடிப்போம்."

குடியிருப்பில் இறங்கும்போது மணி பதினொன்று.

"அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தே?"

"தினமும் இதே நேரம்தான் சார்."

"இந்த வீடு?"

"பூட்டியிருந்தது. பூட்டியிருந்தா அடுத்த வீட்டை எடுத்துக்கிட்டேன். அப்படி முப்பத்துநாலு. ஆனா மொத்தம் நூத்திருபது குறையலையே சார்."

"குறையலை," என்று அவர் அந்தப் பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்துகொண்டார். "உட்காரு."

"எதுக்கு சார்?"

"வீடுன்னு இருந்தா யாராவது வருவாங்கல்லா."

எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வீடு வாடகைக்குப் பார்க்கியளோ?"

"இல்லய்யா. ஆளுக்காக உட்கார்ந்திருக்கோம்."

"இந்தப் பிள்ளையத் தெரியுமே. அன்னைக்கு எழுதிட்டுப் போச்சு. எனக்கு எழுபத்தெட்டுன்னு சொன்னேன். ஒண்ணு கூட்டி எழுதிறலியே?"

"சரியாத்தான் எழுதியிருக்கு," என்றார் கோமதிநாயகம்.

வெயில் படி வரை வந்தது. ஜெசிந்தா இரண்டு முறை எழுந்தாள். அவர் எழவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். கால் வெடிப்புகளில் உப்பு படிந்திருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவள், படியில் இருவரைப் பார்த்து நின்றாள். முத்துக்கனி என்று பெயர்.

"சோப்பு விக்க வந்தியளா? எனக்கு வேண்டாம்."

"இல்லக்கா, காலேஜ்ல இருந்து வர்றோம்," என்றாள் ஜெசிந்தா. "வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு எழுதணும். உங்க வீட்டுக்காரர்..."

"அவரு போயி ஆறு வருசமாச்சும்மா. அப்ப நாப்பத்தேழு வயசு. பிறகுதான் நான் அளத்துக்குப் போறேன். வீட்டுல உட்கார ஒரு ஆள் இருந்தா நான் ஏன் பூட்டுதேன்?"

ஜெசிந்தா நாற்பத்தேழு என்று எழுதினாள். பேனாவை எடுக்காமல் தெருவைப் பார்த்தாள். எதிர்வரிசையில் இன்னும் நாலு பூட்டு தெரிந்தது.

முத்துக்கனி ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கி நடந்தார்கள்.

"சார், இன்னும் முப்பத்துமூணு இருக்கு. பத்து வீட்டைப் பார்த்துட்டு மத்ததுக்குப் பெருக்கிப் போட்டுரட்டுமா? பாடத்துலயே அந்த வழி இருக்கே."

"இருக்கு. வீடெல்லாம் மாநிலம் பூராவும் சிதறிக் கிடந்தா நல்ல வழிதான். இது மூணு தெரு."

"பதினஞ்சு?"

"என்ன, கத்தரிக்காயா வாங்குதே?"

"இருபது சார். அதுக்கு மேல முடியாது. வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. மத்தியானம் கிளாஸ் வேற."

"வருகைப் பதிவை நான் பார்த்துக்கிடுதேன்." அவர் நின்றார். குரல் தணிந்துதான் இருந்தது. "இந்த முப்பத்துமூணு கதவையும் யார் தாண்டிப் போனாங்களோ, அவங்களே ரெண்டு மணிக்கு வந்து நிக்கணும். திறக்கிற வரைக்கும் நிக்கணும். ஒரு வயசு விடாம வாங்கி, அட்டவணையைத் திருத்தி, வியாழக்கிழமை சாயங்காலம் என் மேசையில வைக்கணும். யாருன்னு தெரிஞ்சா சொல்லிரு, ஜெசிந்தா."