யம்பா விட்டுவந்த மூன்று நிலங்கள்

சின்னவர்களே, பெரியவர்களே, கொஞ்சம் கிட்ட வாருங்கள். ஆப்பிரிக்காவின் பெரும் பாலைவனத்துக்குத் தெற்கே, இன்று புர்கினா பாசோ என்கிறார்களே, அந்தப் பெயர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, யம்பா என்றொரு குடியானவன் இருந்தான்.

அவனுக்குக் கால் ஓரிடத்தில் நிலைக்காது. முதலில் ஒரு காட்டை எரித்துக் கம்பு விதைத்தான். மூன்றே அறுவடையில் மண் சலித்துப்போனது. "இது செத்த மண்" என்று கிளம்பினான். அடுத்து ஒரு மேட்டுச் சரிவு. மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனது. "இதுவும் செத்தது" என்று கிளம்பினான். மூன்றாவது ஒரு வெட்டவெளி. வெயிலில் அது சுட்ட ஓடாய் இறுகியது. அங்கிருந்தும் கிளம்பினான். மனைவி போக்கோ ஒவ்வொரு முறையும் ஒரு கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு பின்னால் நடந்தாள்.

நான்காவது ஊரில் நிலம் பிரித்துக் கொடுப்பவர் நோபிலா என்ற மண் தலைவர். அவர் சொல்லாமல் அங்கே யாரும் களைக்கொட்டு எடுக்க முடியாது.

"நிலம் வேண்டும் ஐயா. மழை வரப்போகிறது" என்றான் யம்பா.

"தருகிறேன். முதலில் நீ கடைசியாகப் பயிர்செய்த நிலத்தைக் காட்டு."

யம்பா தலைவரோடு கிளம்பினான், போக்கோவும் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். இரண்டு நாள் நடை. வழியெல்லாம் வானத்தைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான், மறுபடி வானத்தைப் பார்த்தான். வழியில் கல்வரிசை கட்டி, எரு கொட்டிய நிலம் ஒன்று வந்தது. சட்டென்று கையை நீட்டினான்.

"இதுதான் ஐயா."

போக்கோ நின்றுவிட்டாள். "இது நம்முடையது இல்லை. நம்முடையது இன்னும் தள்ளி இருக்கிறது" என்றாள்.

தலைவர் அவள் சொன்ன திசையில் நடந்தார். வெட்டவெளிக்கு வந்ததும் கைத்தடியால் தரையைத் தட்டினார். 'டங்' என்றது.

"ஓடும் நீரைக் கல் வைத்துத் தடுத்தாயா?"

"இல்லை."

"சாணத்தையும் கம்பந்தட்டையையும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தாயா?"

"இல்லை."

"ஒரு வருஷமாவது இதற்கு ஓய்வு கொடுத்தாயா?"

"இல்லை" என்றான் யம்பா.

"இது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. விதை தருகிறேன், நிலம் தரமாட்டேன்" என்று சொல்லி ஒரு பை கம்பை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

யம்பா தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வடக்கே இன்னொரு ஊர் இருக்கிறது" என்றான்.

"நீங்கள் போங்கள். நான் இனி நடக்கமாட்டேன்" என்று போக்கோ குந்தி உட்கார்ந்து, ஓடாய் இறுகிய தரையில் சாண் ஆழக் குழி ஒன்றைக் கொத்தினாள். மேய்ச்சல் மாடுகள் போட்டுப்போன சாணத்தில் ஒரு கை அள்ளிப் போட்டு, அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

யம்பா போனான், பாதி வழியில் திரும்பினான். மறுபடி போனான், மறுபடி திரும்பினான். மூன்றாம் முறை போகவில்லை, களைக்கொட்டை எடுத்தான். பரபரத்த கைக்கு வேலை கிடைத்தது. குழிமேல் குழியாக வெட்டினான், நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே கல் அடுக்கினான்.

தலைவர் தந்த கம்பைக் குழிகளில் விதைத்தான், மழை வந்தது. நீர் ஓடிவிடுமோ என்று குழிக்குக் குழி ஓடிப் பார்த்தான். ஓடவில்லை, குழிகளிலேயே நின்றது. அந்த வருஷம் குதிர் பாதிதான் நிறைந்தது. ஆனால் பிள்ளைகள் பசியோடு படுக்கவில்லை.

மறுகோடையில் நோபிலாவின் ஆள் வந்தான். "நிலம் தருகிறாராம். வரச் சொன்னார்."

"இப்போது வர முடியாது என்று சொல். நான் முன்பு விட்டுவந்த அந்த மேட்டுச் சரிவுக்கு இன்னும் கல் அடுக்க வேண்டும்" என்றான் யம்பா. நிமிரவே இல்லை.

எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காதவன் எத்தனை ஊர் மாறினாலும் அவனுக்கென்று ஒரு பிடி நிலம் இருக்காது.