கட்டைவெரல் அண்டாவும் வெளிச்சப் பெட்டியும்

ஒரு ஊர்ல ஒரு பட்டறை. பட்டறைன்னா பாத்திரம் அடிக்கிற பட்டறை. விடிஞ்சா போதும், 'டணார் டணார் டணார்'னு ஒரே சத்தம். அந்தத் தெருவுல ஒரு பயலும் அலாரம் வச்சு எந்திரிச்சது கெடையாது. கேக்குதியா கோமு? ம் கொட்டு. நீ ம் கொட்டலேன்னா அத்தை செவத்துகிட்டதான் கதை சொல்லணும்.

"ம்."

ஆங். அந்தப் பட்டறை சண்முகவேலுக்குச் சொந்தம். அண்டா, உருளி, சருவம்னு பெருசு பெருசா அடிப்பான். ஒன்னைய உள்ள ஒக்கார வச்சுக் குளிப்பாட்டலாம், அம்புட்டுப் பெருசு. அவனுக்கு ஒரு தங்கச்சி, பேரு வடிவு. அவ என்ன செய்வா? அண்ணன் வெட்டிப் போட்ட பித்தளைத் துண்டு கீழ கெடக்கும்லா, அதப் பொறுக்குவா. பட்டறையில ஒரு மூலையில ஒக்காந்துக்கிட்டு, குட்டிச் சுத்தியலால 'டிங் டிங் டிங்'னு தட்டி, கட்டைவெரல் ஒசரத்துக்கு அண்டா பண்ணுவா. ஏனோதானோன்னு நெனச்சிராத. ரெண்டு பக்கமும் வளையம் உண்டு, மேல மூடி உண்டு, உள்ள ஈயம் பூசியிருக்கும். பெரிய அண்டாவுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் உண்டு. தண்ணி ஊத்துனா ஒரு சொட்டு ஒழுகாது.

ஆனா வாங்கத்தான் நாதியில்ல. தெருவுல போறவ வாறவ எல்லாம், "ஏ வடிவு, இதுல யாருக்குச் சோறு பொங்கப் போற, கொசுவுக்கா?"ம்பா. வடிவு வாய் சும்மா இருக்குமா? "ஆமாக்கா, ஒங்க வீட்டுக் கொசுதான் சொல்லி விட்டுச்சு"ன்னுருவா.

அப்போ ஒரு நா அண்ணன்காரன் வந்து நின்னான். "இங்க பாரு தாயி, புது மிசின் ஒண்ணு வருது. வைக்க எடமில்ல. தீவாளிக்குள்ள ஒஞ் சொப்புச் சாமான ஒருத்தராவது கேட்டு வாங்கணும். இல்லேன்னா அந்த மூலைய ஒழிச்சுக் குடுத்துரு"ன்னான்.

அந்த மூலையும் சுத்தியலும் போச்சுன்னா வடிவுக்குன்னு வேற என்ன இருக்கு, சொல்லு? ஆனா அழுதாளா? அழல. "சரி. வாங்க வைக்கேன். பாத்துக்கிட்டே இரு"ன்னா. அதாண்டி வடிவு.

"ம்."

ஊரு வாங்கலேன்னா வெளியூரு வாங்கட்டும், படம் எடுத்து போன்ல அனுப்புவோம்னு கெளம்பிட்டா. மொதல்ல அண்டாவ நட்ட நடு வெயில்ல வச்சா. 'டிக்'. பாத்தா அண்டாவே தெரியல. அதோட வயித்துல இவ மூஞ்சிதான் புடலங்கா மாதிரி நீண்டு தெரியுது. சேக்காளிக்கு அனுப்புனா. அவ என்ன சொன்னா தெரியுமா? "ஏட்டி, ஒன் மூக்கு எப்ப இவ்ளோ பெருசாச்சு?"

அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டுபோயி டியூப்லைட்டுக்கு அடியில வச்சா. 'டிக்'. ஒரு பக்கம் மினுக்குது, மறுபக்கம் கும்மிருட்டு. சேக்காளி கேக்கா, "கருப்பட்டி என்ன வெல?"

அப்புறம் போன்ல இருக்கிற வெளக்கையே போட்டுப் பாப்போம்னு போட்டா. 'பளீர்!' சேக்காளி கேக்கா, "ஏட்டி, யாரு வீட்ல வெல்டிங் நடக்கு?"

மூணு தடவையும் போச்சு. சிரிக்காத, வடிவுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

மறுநா துணி காயப் போடப் போனா. மடியில கெடந்த அண்டா உறுத்துதுன்னு எடுத்து, கொடிக்கு அந்தப் பக்கம் கல்லுல வச்சுட்டு வேட்டிய விரிச்சுப் போட்டா. திரும்பிப் பாக்கா. வெயிலு வேட்டி வழியா வடிஞ்சு அண்டா மேல விழுது. கண்ணு கூசவும் இல்ல, இருட்டும் இல்ல. மஞ்ச தேச்சுக் குளிச்சிட்டு வந்தாப்ல ஒக்காந்திருக்கு! வடிவு வாயப் பொளந்துட்டா. "அட மூதி, ஒனக்கு வேட்டியில ஒரு வீடு கட்டணுமா? கட்டிருவோம்"னா.

அப்புறம் கடைக்குப் போயி ஒரு காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்கியாந்தா, சோப்புக்கட்டி வந்த பெட்டி. வாய் தொறந்த பக்கத்த முன்னாடி பாக்க வச்சா. கத்திய எடுத்து 'கர்ர்ர்ர் கர்ர்ர்ர்'னு அறுத்து, எடக்கைப் பக்கம் ஒரு சன்னல், வலக்கைப் பக்கம் ஒரு சன்னல், மேல ஒரு சன்னல். பழைய வேட்டியக் கிழிச்சு, மைதாப் பசை காய்ச்சி, மூணு சன்னலுக்கும் ஒட்டிட்டா. உள்ள வெள்ளை அட்டைத்தாள் வச்சா. மொதல்ல மடக்கி வச்சா, பின்னாடி ஒரு கோடு தெரிஞ்சுது. அப்புறம் மடக்காம, பின்சுவத்து உச்சியில ஒட்டி, தூளி தொங்குதாப்ல அப்படியே வளைச்சுத் தரைக்குக் கொண்டாந்தா. செவரு எங்க முடியுது, தரை எங்க தொடங்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

அப்புறம் ரெண்டு பக்கமும் சன்னலுக்கு வெளிய ரெண்டு வெளக்கு. ஒண்ணு மஞ்ச, ஒண்ணு வெள்ளை. போட்டுப் பாத்தா அண்டாவுக்கு ஒரு கன்னத்துல மட்டும் மஞ்சக்காமாலை! ரெண்டையும் வெள்ளையா மாத்துனா. கை ஆடுதுன்னு போன அரிசி அளக்குத படி ஒண்ணு மேல சாத்தி வச்சா. அப்பவும் அண்டா வயித்துல போனு கருப்பா, ஒரு பொட்டு மாதிரி தெரியுது. விடுவாளா? ஒரு வெள்ளை அட்டையில போன் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு முன்னாடி புடிச்சா. 'டிக்'.

யம்மா! அப்படி ஒரு படம். வளையத்துல சுத்தியல் பட்ட தடம் கூடத் தெரியுது. அண்ணங்கிட்ட நீட்டுனா. அவன் கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, "நல்ல வேல. எந்தப் பட்டறை அண்டா இது?"ன்னான். வடிவுக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா அங்கனதான் வெனை ஒக்காந்திருந்துச்சு, அவ கவனிக்கல. தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு அத்தை. என்ன வெனை?"

வாறேன், வாறேன். பக்கத்து ஊர்ல ஆவுடையப்பன்னு ஒருத்தரு. மகளுக்கு ஆவணில கல்யாணம். மனுசன் தங்கமான மனுசன்தான், ஆனா கத்திரிக்கா வாங்குனாலும் காம்பக் கிள்ளிட்டு நிறுக்கச் சொல்லுத ஆளு. வடிவு வெலையும் போட்டு அனுப்புன படம் கை மாறிக் கை மாறி அவரு போனுக்குப் போச்சு. பாத்தாரு. வெலையப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் வெளிய வந்துட்டு. "பித்தளை அண்டா, கைவேல, இந்த வெலைக்கா! மூச்சு விடாதீங்க, ஊருக்குத் தெரிஞ்சா வெலைய ஏத்திருவா"ன்னு வீட்டாளுககிட்டச் சொல்லிட்டு வடிவுக்குப் போனப் போட்டாரு.

"ஏம்மா, ஒழுகாதே?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்கய்யா."

"ஈயம் பூசியிருக்கா?"

"பளபளன்னு பூசியிருக்கு."

"கனமா இருக்குமா?"

"கையில எடுத்துப் பாருங்கய்யா, அப்பத் தெரியும்."

ஒரு வார்த்தை பொய் உண்டா? கெடையாது. ஆனா எம்புட்டுப் பெருசுன்னு அவரும் கேக்கல, இவளும் சொல்லல. அவரு கமுக்கமா மூணு அண்டா, ரெண்டு உருளி, ஒரு சருவம்னு சொல்லிட்டு, வாடகைப் பாத்திரக்காரன வேண்டாம்னும் சொல்லிட்டாரு. இவ, கல்யாணத்துல சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கத்தான் கேக்காவ போலன்னு நெனச்சா. நெனச்சு நெனச்சு, பாத்துப் பாத்து அடிச்சா. அல்வா டப்பாவுல வச்சுக் கட்டி, பஸ்ஸுல குடுத்து அனுப்பிட்டா.

கல்யாணத்துக்கு மொதநா. ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு குட்டி லாரி அனுப்புதாரு, நாலு ஆளோட. நாலு பேரும் தலையில சும்மாடு கட்டிக்கிட்டு நிக்கான். பஸ்ஸு 'புர்ர்ர்'னு வந்துச்சு. கண்டக்டர் எறங்கி, அல்வா டப்பாவ நீட்டுனாரு. "இந்தாங்க, அண்டா."

"ஹி ஹி ஹி!"

சிரி, சிரி. அவிய வீட்ல சிரிக்கல. டப்பாவத் தொறந்தாவ. சமைக்க வந்த தவசிப்பிள்ளை ஒரு அண்டாவ எடுத்துக் கட்டைவெரல்ல மாட்டிக்கிட்டாரு. "அண்ணாச்சி, இதுல சாம்பாரு வைக்க ஒரு பருப்பு போதும். ரெண்டாவது பருப்புக்கு எடமில்ல"ன்னாரு. ஆவுடையப்பனுக்கு மூஞ்சி செவந்துட்டு. போன எடுத்தாரு.

"ஏ பிள்ள! நாளைக்கு முகூர்த்தம். ஊரே சாப்பிட வருது. எனக்கே அல்வா குடுத்திட்டியே! ஒம் பேர ஊரு ஊரா நாறடிக்கேனா இல்லையா பாரு!"

சத்தம் போனத் தாண்டிப் பட்டறை பூராவும் கேக்கு. அண்ணன் சுத்தியலக் கீழ வச்சுட்டான். மூலை போச்சு, பேரும் போச்சு, ஒரு பொண்ணு கல்யாணமும் நம்மளால கெடப் போகுதேன்னு வடிவு நெனச்சா. ஒடனே சொன்னா: "ஐயா, அளவு சொல்லாதது எந் தப்பு. வந்த லாரி அங்கனதான நிக்கி? இங்கன அனுப்புங்க. பந்திக்கு அண்டா வரும்."

அப்புறம் திரும்பி, "அண்ணே, ஒன் அண்டா மூணு வேணும், ஒரு நாளைக்கு"ன்னா.

"வித்தது நீ, குடுக்கது நானா?"

"அவரு படத்தப் பாத்து, அது ஒன் அண்டா மாதிரி அண்டான்னு நெனச்சிட்டாரு. நீயே நெனச்சியே, அண்ணே! ஒன்னையப் பாத்துத்தான நான் அடிக்கப் படிச்சேன்?"

அண்ணன் தரையப் பாத்தான், கூரையப் பாத்தான். அப்புறம், "ஏலேய், அந்தப் பெரிய அண்டாவ வெரசா எறக்குங்கலே!"ன்னு ஒரு சத்தம் போட்டான். கேட்டியா?

"ம்..."

லாரி 'கட கட கட கட'ன்னு போச்சு. மேல அண்டா, அண்டாவுக்கு நடுவுல வடிவு. போயி எறங்குனதும் தவசிப்பிள்ளைக்கு உயிரு வந்துட்டு. அடுப்பு மூட்டியாச்சு, 'கொத கொத'ன்னு ஒல கொதிக்கு. ஆனா ஆவுடையப்பன் வடிவு பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கு நடுவுல சின்னப் புள்ளைக ஒரு பட்டாளம், அடுப்பச் சுத்தி ஓடுது. தவசிப்பிள்ளை, "சூடு பட்டுரும், போங்க அங்கிட்டு!"ன்னு கத்துதாரு. யாரு கேக்கா?

வடிவு பாத்தா. அல்வா டப்பாவ எடுத்துட்டுப் போயி ஒரு ஓரமா ஒக்காந்தா. "வாங்க வாங்க, நம்மளும் பந்தி போடுவோம்." ஒரு அண்டாவுல சோறு, ஒரு அண்டாவுல சாம்பாரு, ஒரு அண்டாவுல பாயாசம். வாழையிலைய வெத்தல அளவுக்குக் கிழிச்சுப் போட்டாச்சு. அம்புட்டுப் புள்ளைகளும் அடுப்ப விட்டுட்டு அங்க வந்து அமுங்கிட்டு.

மறுநா தாலி கட்டியாச்சு. பொண்ணு, அவ பேரு பிரமநாயகி, பசியோட, புள்ளைக மறுபடியும் பந்தி போட்டுக்கிட்டிருந்த பக்கம் வாறா. ஒன்ன மாதிரி ஒரு வாண்டு அவ சேலையப் புடிச்சு இழுத்து, "அக்கா, பந்திக்கு ஒக்காருங்க"ன்னுச்சு. பட்டுச் சேலையோட தரையில ஒக்காந்துட்டா பொண்ணு! கட்டைவெரல் அண்டாவுல இருந்து ஒரு உருண்டை வாங்கித் தின்னா. சிரிச்சா. சிரிக்கும்போதே பொல பொலன்னு கண்ணீரு. நேத்து வரைக்கும் சொப்பு வச்சு வெளயாண்டுட்டு, இன்னைக்கு வேற வீட்டுக்குப் போறால்லா.

அப்புறம் அப்பாவக் கூப்புட்டா. "அப்பா, சீரு வரிசையில இதையும் வைங்க. சீருக்கு வாங்குன பெரிய பாத்திரம் எல்லாம் அவிய வீட்டு அடுப்பங்கரைக்கு. இது எனக்கு."

ஆவுடையப்பன் மக மூஞ்சியப் பாத்தாரு. துண்டால கண்ணத் தொடச்சாரு. வடிவுகிட்ட வந்து, "சரிம்மா. நல்ல வேல. ஒழுகவே இல்ல"ன்னாரு. அந்த மனுசன் வாயில இருந்து அம்புட்டு வந்ததே பெருசு. அப்புறம் என்ன? சீரு பாக்க வந்த கூட்டம் பூராவும், "எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு"ன்னு வடிவச் சுத்திக்கிட்டு. மூர்த்தி சிறுசுன்னாலும் கீர்த்தி பெருசுல்லா!

பட்டறைக்கு வந்து பாத்தா புது மிசின் எறங்கியிருக்கு. வடிவு பைய உள்ள எட்டிப் பாக்கா. அவ மூலை அப்படியே இருக்கு. மிசின வாசப்பக்கம் வச்சிருக்கான் அண்ணன். அவ வெளக்கப் போட்டு, புது அண்டாவ வெளிச்சப் பெட்டிக்குள்ள வச்சா. அவன் பின்னாடியே வந்தான். மடியில இருந்து ஒரு புளியங்கொட்டைய எடுத்து, அண்டாவுக்குப் பக்கத்துல வச்சான்.

"இது எதுக்கு அண்ணே?"

"அண்டா எம்புட்டுன்னு தெரியட்டும். இல்லேன்னா மறுபடியும் லாரி வந்து நிக்கும். இனிமே இது இல்லாம நம்ம பட்டறைப் படம் ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

நம்ம பட்டறைன்னான். கேட்டியா கோமு, நம்ம பட்டறைன்னான். 'டிக்'.

ம்?... ம் கொட்டலியா? சரி. படமும் எடுத்தாச்சு, பெட்டி வெளக்கும் அணச்சாச்சு. கதையும் அவ்ளோதான். ஒறங்குடி தங்கம்.