ஐம்பது வெள்ளைத் துணி

அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் இருந்தார்கள். அக்காள் தவக்காலம், பெயர் தபசு. தங்கை உயிர்ப்புக் காலம், பெயர் பாஸ்கா. இரண்டு பேரும் ஆண்டவருடைய வீட்டுப் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் இருக்கிற ஊருக்கெல்லாம் விருந்தாளியாகப் போய் வருவதுதான் அவர்களுக்கு வேலை.

முதலில் தபசு போவாள். ஊதாச் சேலை கட்டி, கையில் சாம்பல் கிண்ணம் வைத்திருப்பாள். நாற்பது நாள் தங்குவாள். அவள் வந்துவிட்டால் தெருவே அடங்கிவிடும். கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். குடிக்கிறவன் குடியை விடுவான். சீரியல் பார்க்கிறவள் டி.வி. மேல் துணியைப் போட்டு மூடுவாள். "எப்போ கிளம்புறீங்க" என்று அவளை ஒருத்தரும் கேட்டது கிடையாது. கேட்கப் பயம்.

அவள் கிளம்பியதும் பாஸ்கா வருவாள். வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள், இடுப்பில் ஒரு மூட்டை இருக்கும். அவள் தங்க வேண்டியது ஐம்பது நாள். அக்காளைவிடக் கூட. மூட்டைக்குள் நாளுக்கு ஒன்றாக ஐம்பது வெள்ளைத் துணி. ஆண்டவர் உயிர்த்துப் போனபோது கல்லறைக்குள் துணியை விட்டுவிட்டுப் போனாரே, அதே நூலில் நெய்தது. "ஒரு வீட்டிலாவது தங்கி ஐம்பதையும் கொடுத்துவிட்டு வா" என்றுதான் அவளை அனுப்புவார்கள்.

அவளும் வருஷா வருஷம் வருவாள். முதல் நாள் துணி ஒன்றைக் கொடுப்பாள். மிச்சம் அத்தனையையும் சுமந்துகொண்டு திரும்பிப் போவாள்.

இந்த வருஷம் ஊர் எல்லையில் அக்காளும் தங்கையும் எதிரெதிரே சந்தித்தபோது பாஸ்கா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் தடவையும் மூட்டை அப்படியே திரும்புச்சுன்னா அடுத்த வருஷம் நான் வரமாட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு."

"என்னைப் பார்த்தாப் பயப்படுறாங்க. உன்னைப் பார்த்தாச் சிரிக்கிறாங்க. சிரிக்கிற இடத்துல இருக்க உனக்கு நோகுதாக்கும்?" என்றாள் தபசு.

"சிரிச்சுக்கிட்டே அனுப்பிடுறாங்கக்கா."

தபசு குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டாள். அவளுக்கும் கால் வலி. "நீ வரமாட்டேன்னா நான் எதுக்கு வரணும்? நெத்தியில சாம்பலைப் பூசிவிட்டுட்டு, துடைக்க ஆள் இல்லாமப் போறதுக்கா?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

பாஸ்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள்.

முதல் வீடு லூர்தம்மா வீடு. மாடி வீடு. லூர்தம்மா வாசலுக்கே ஓடி வந்தாள். "வா வா பாஸ்கா! உனக்காகத்தான் நாப்பது நாளா வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தோம்!" முதல் துணியை வாங்கி மேஜைமேல் விரித்தாள். பிரியாணி, வறுவல், கேக் எல்லாம் வந்தது. வீடு முழுக்க அல்லேலூயா. பாஸ்காவுக்கு மனசு நிறைந்துபோனது. இந்த வருஷம் தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை லூர்தம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"அப்புறம்... எப்போ ஊருக்கு?"

"அம்பது நாள் இருக்கலாம்னு வந்தேன்மா."

"அம்பதா!" கரண்டி கீழே விழாத குறை. "நல்லா இருக்கே! நாங்களும் வேலைவெட்டியைப் பார்க்கணும்ல? ஏற்கெனவே உங்கக்கா நாப்பது நாள் உட்கார்ந்துட்டுத்தான் போனா. நீ அடுத்த வருஷம் கண்டிப்பா வா. இன்னும் ரெண்டு கிலோ மட்டன் கூடப் போடச் சொல்றேன்." பிறகு, மேஜைமேல் விரித்த துணியை அழகாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "பாரு, ஒரு பொட்டு கறைகூடப் படாம வெச்சிருக்கேன்."

பாஸ்கா அதை வாங்கி மூட்டைக்குள் வைத்தாள். பாரம் கூடிவிட்டதுபோல் இருந்தது.

அடுத்ததாகக் கோயிலுக்குப் போனாள். கோயில் வேலையெல்லாம் பார்க்கிற உபதேசியார் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் படுத்திருந்தார்.

"ஐயா, நான் பாஸ்கா வந்திருக்கேன்."

துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "தாயே, பெரிய வாரம் பூரா நான் கண்ணை மூடலை. குருத்தோலை கட்டினது நான். பாதம் கழுவத் தண்ணி கொண்டாந்தது நான். சிலுவைப்பாதைக்குக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இனிமே அம்பதாம் நாள் பெந்தெகோஸ்தேக்குப் பார்ப்போம்."

"நடுவுல நான் இருக்கேனேய்யா?"

"நீ சந்தோஷம்தானே? சந்தோஷத்துக்கு என்னம்மா ஏற்பாடு வேணும்? அதுபாட்டுக்கு இருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாஸ்கா இன்னும் நாலைந்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரத்தான் யாரும் சொல்லவில்லை. தெருக்கடைசியில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது. தட்ட அவளுக்குத் தெம்பில்லை. நிழலுக்காக அந்தப் படியில் உட்கார்ந்தாள்.

தட்டாமலே கதவு திறந்தது. இடுப்பில் கைப்பிள்ளையோடு ஒரு சின்னப் பெண் நின்றாள். தலை சீவவில்லை. சேலையெல்லாம் பால் வாடை. பெயர் சிந்தாத்திரை. தெருவில் சிந்தா என்பார்கள். புருஷன் லாரியோடு வடக்கே போனவன், மாதத்துக்கு இரண்டு நாள் வந்தால் அதிகம்.

வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

"பாஸ்காக்காவா? அக்கா, தப்பா நினைக்காதீங்க. நம்ம வீட்டுக்கு நீங்க வரக் கூடாது."

"ஏம்மா?"

"உங்கக்கா வந்தப்போ நான் கதவைத் திறக்கவே இல்ல. ஒரு நாள்கூட ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருக்கலை, பிள்ளைக்குப் பால் கொடுக்கணுமே. சிலுவைப்பாதைக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகலை. உயிர்ப்புப் பூசைக்குப் போனேன், இவன் அழுதான்னு வெளியிலயே நின்னேன். தபசு இருக்காதவ வீட்டுல பாஸ்காவுக்கு என்ன வேலை?" சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "படுக்கும்போது 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'ன்னு ஆரம்பிப்பேன்க்கா. அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள தூங்கிப்போயிருப்பேன். இவன் பொறந்ததுல இருந்து ஒரு செபம் முழுசா முடிச்சதில்ல. ஆண்டவர் என்னை மறந்தே போயிருப்பாரு."

பாஸ்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிள்ளை குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டது. சிந்தாவின் தோளிலும் தரையிலும் பால். அவள் பதறிப்போய், கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பிள்ளையின் வாயைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், தரையையும் துடைத்தாள். பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தாள். மூட்டையின் மேலாக இருந்த வெள்ளைத் துணி.

"ஐயோ! கோயில் துணியாக்கா இது? நான் பாவி, பார்க்காம எடுத்துட்டேனே!"

பாஸ்கா அந்தத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள். நடுவில் பால் கறை. இத்தனை வருஷத்தில் அவள் கொண்டுவந்த துணியில் பட்ட முதல் கறை அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொண்ணு வேணுமா?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அவள் அந்த வீட்டுக்குள் வந்தாள்.

சிந்தாவுக்கு விருந்து வைக்கத் தெரியவில்லை. "ரசம்தான் இருக்கு" என்றாள். பிள்ளையைத் தூக்கி பாஸ்கா மடியில் போட்டுவிட்டு, "ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு ஓடியாந்துடுறேன்க்கா" என்று குளிக்கப் போனாள். ஓடிவரவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு நிதானமாக வந்தாள்.

நாளுக்கொரு துணி போனது. ஒன்று தூளிக்குள் விரிப்பாயிற்று. ஒன்றைப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது நனைத்து நெற்றியில் போட்டார்கள். இன்னொன்று சூட்டோடு சட்டி இறக்கும் கைத்துணி. புருஷன் போனை எடுக்காத அன்று ஒன்று சிந்தாவின் முகத்துக்கே தேவைப்பட்டது.

ஒருநாள் இருவரும் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கா பேச்சுவாக்கில் ஆண்டவர் உயிர்த்த பிறகு நடந்ததைச் சொன்னாள். சீடர்கள் விடிய விடிய வலை போட்டும் ஒன்றும் படாமல் கரைக்கு வந்தது, அங்கே அவர் கரி நெருப்புப் போட்டு மீன் சுட்டு வைத்திருந்தது, "வாங்க, சாப்பிடுங்க" என்று கூப்பிட்டது எல்லாவற்றையும் சொன்னாள்.

சிந்தாவின் கை நின்றது. "இது உயிர்த்த பிறகா?"

"ஆமா."

"செத்து எழுந்தவரா சமையல் பண்ணினாரு?"

"அவங்க ராத்திரி பூரா வேலை பார்த்துக் களைச்சுப்போய் வந்தாங்கல்ல."

சிந்தா அடுத்த மீனைக் கையில் எடுத்தாள். மீன் செதிளைச் சுரண்டிக்கொண்டே தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "எனக்கு ஒருநாள் யாராவது அடுப்பைப் பத்த வெச்சுக் கொடுத்தாப் போதும்."

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது டீ மணம் வந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்கா டம்ளரை நீட்டினாள். சிந்தா பாயிலேயே உட்கார்ந்து குடித்தாள். பாதி டம்ளரில் அழுகை வந்துவிட்டது.

"இதுதானாக்கா அது?"

"எது?"

"உயிர்ப்பு. நான் அது பெரிய சத்தமா வரும்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா, களைப்பு மட்டும் போகவே இல்லையேக்கா."

"போக்குறேன்னு நான் எப்போ சொன்னேன்? கூட இருக்கேன்னுதான் வந்தேன்."

படுக்கும்போது சிந்தா 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று தொடங்குவாள். தூங்கிப்போவாள். ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளித் தூங்கினாள். ஐம்பது நாள் முடிகிற சமயத்தில் செபத்தின் நடுவில் வருகிற 'அன்றாட உணவு' வரைக்கும் வந்துவிட்டாள். அதற்குமேல் குறட்டைதான். பாஸ்கா அவளை எழுப்பவில்லை. மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

கடைசித் துணியும் தீர்ந்த அன்று பாஸ்கா மூட்டையை உதறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இடுப்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பழக்கமில்லை, ஒரு மாதிரி தள்ளாடியது. மெதுவாக வாசலுக்கு நடந்தாள்.

பின்னாலிருந்து சிந்தா கத்தினாள். "எங்க கிளம்பிட்டீங்க? அம்புட்டுத் துணியையும் ஊறப் போட்டிருக்கேன், யாரு அலசுறது?"

பாஸ்கா திரும்பி வந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் சாம்பல் புதன் அன்று தபசு அந்த ஊருக்கு வந்தாள். தங்கையைப் பற்றி ஒரு தகவலும் இல்லாததால் அவளுக்குக் கவலை. தெருக்கடைசி ஓட்டு வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். போன வருஷம் திறக்காத கதவு. எதற்கும் தட்டிப் பார்ப்போம் என்று தட்டினாள்.

கதவைத் திறந்தது பாஸ்கா. கையெல்லாம் சோப்பு நுரை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பையன் நின்றான்.

"அடி, நீ இன்னும் கிளம்பலையா?"

"யாரும் போகச் சொல்லலக்கா."

தபசு எட்டிப் பார்த்தாள். முற்றத்துக் கொடியில் ஐம்பது துணியும் காய்ந்தது. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. மஞ்சள், எண்ணெய், பால், ரசம், கண்மை. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி மெத்தென்று இருந்தது.

உள்ளேயிருந்து சிந்தாவின் குரல் வந்தது. "யாருக்கா வாசல்ல?"

பாஸ்கா அக்காளை ஒரு தடவை பார்த்தாள். போன வருஷம் இவளுக்குப் பயந்துதான் சிந்தா கதவையே திறக்கவில்லை. "எங்கக்கா வந்திருக்கா" என்றாள் மெதுவாக.

அடுப்படியில் தட்டு எடுக்கிற ஓசை கேட்டது.

"வெயில்ல ஏன் நிக்க வெச்சிருக்கீங்க? உள்ள கூப்பிடுங்க. கஞ்சி சூடா இருக்கு. பெரியக்கா சாப்பிட்டாங்களான்னு கேளுங்க."

இத்தனை காலத்தில் தபசிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் சாம்பல் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள்.