கீழத்தெருவுக்கு ஏறாத தண்ணீர்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை அடலேறு மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், வெயில் ஏறினால் வேறொன்று சொல்வார்.

தலைநகரின் தெருக்களுக்கெல்லாம் ஏரித்தண்ணீர் ஓடவேண்டும் என்று ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது. அயல்தேசத்திலிருந்து புதிதாக வந்த வித்தகராயரிடம் வேலையைக் கொடுத்தார். ராயர் அரண்மனையை விட்டு இறங்காமலே பட்டுத்துணியில் படம் எழுதிவிட்டார். ஏரி மேலத்தெருவை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால்வாய் வெட்டினால் கீழத்தெருவுக்குத் தண்ணீர் தானாக இறங்கிவிடுமாம்!

"அந்தத் தெருக்காரர்களை ஒரு வார்த்தை கேட்கலாமே," என்றார் மந்திரி நன்னயர்.

ராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "குடம் தூக்குகிறவர்களைக் கேட்டா கால்வாய் வெட்டுவது?" என்று சிரித்தார்.

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. "மந்திரியாரே, யாரையாவது கூப்பிடும். ஒரே ஒரு வார்த்தைதான் கேட்பேன். அதில் இந்தப் படத்தின் பிழை தெரியாவிட்டால் நாளைக்கே மண்வெட்டி இறங்கும். உம்முடைய தலைப்பாகையும் இறங்கும்!"

மந்திரி கீழத்தெரு செங்கமலத்தை அழைத்து வந்தார். அரண்மனைக்கு மோர் ஊற்றுகிறவள். தினம் ஆறு நடை ஏரிக்குப் போய்க் குடம் சுமந்து இடுப்பு காய்த்துப் போனவள். ராஜாவைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு பூசணிக்காயையும் தூக்கி வந்திருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பிழை தெரிந்துவிட்டது. இதை வெட்டி முடித்தால் 'தண்ணீர் கொடுத்தாச்சு' என்று ராஜா அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் ஆயுசுக்கும் குடம்தான்.

"கிழக்கு!" என்றாள்.

சபையே விழித்தது. ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச அனுமதித்த ஒரே வார்த்தை தீர்ந்துபோனதால் செங்கமலம் வாயை இறுக மூடிக்கொண்டு, 'வாருங்கள்' என்று கையால் ஜாடை காட்டினாள். ராஜா ராயரையும் கூட்டிக்கொண்டு ஆவலாகப் பின்னால் போனார். கடைவீதியில் நின்று பூசணிக்காயை ராயர் கையில் கொடுத்து, கீழத்தெருப் பக்கம் விரலை நீட்டினாள்.

ராயர் உருட்டினார். காய் நாலு முழம் போனது, நின்றது, திரும்பி உருண்டு வந்து அவர் காலிலேயே இடித்தது. மறுபடி உருட்டினார். மறுபடி இடித்தது.

"பேசு தாயே! எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் பேசு!" என்றார் ராஜா.

"மகாராசா, கீழத்தெருன்னா தாழ்வான தெரு இல்லீங்க. கிழக்கால இருக்குற தெரு. நம்ம ஊருல கிழக்குதான் மேடு. ஐயா பல்லக்குலயே போறவரு, சுமக்குறவங்களுக்குத்தானே ஏத்தம் தெரியும்? எங்க தெருவுக்குப் பின்னால வடக்குப்பாறையில மழைத்தண்ணி வழிஞ்சு வீணாப் போகுது. அதை மறிச்சு ஒரு குளம் வெட்டிக் குடுங்க, போதும்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். "இனிமேல் எந்தத் தெருவுக்கு எது செய்தாலும் அந்தத் தெருக்காரரைக் கேட்ட பிறகே படம் எழுதவேண்டும். குளம் நிறையும்வரை ராயர் இவள் குடத்தைச் சுமக்கட்டும்!"

முதல் நாளெல்லாம் ராயர் முணுமுணுத்தார். போகப் போக வீடு வீடாக நின்று, மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே ஓடும் என்று கேட்டுக் கேட்டுப் புதுப்படம் எழுதினார். அதன்படி வெட்டிய குளம் ஐப்பசி மழையில் நிறைந்தது. செங்கமலம் கரையில் நின்று சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். முதல் குடத்தை மொண்டு ராயரிடம் நீட்டினாள்.

"குடிங்க சாமி. எங்களைக் கேட்டு வெட்டினீங்க, நல்லா இருக்கணும் நீங்க."

ராயர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். பிறகு குடத்தை நிரப்பித் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

"குளந்தான் நிறைஞ்சாச்சே, எங்க சாமி போறீங்க?"

"உன் வீட்டுக்குத்தான் தாயே. நேற்றுவரை ராஜா சொல்லித் தூக்கினேன். இது நானாகத் தூக்குகிற குடம்."

குளமும் நிறைந்தது, கதையும் நிறைந்தது.