தமயந்தி அடித்த ஃபோர்

பழைய கிரிக்கெட் மட்டைகள் இன்று கிடைக்காமல் போனதற்குக் கரையானே காரணம் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். இது ஒரு பூச்சியினத்தின் மேல் சுமத்தப்பட்ட அபாண்டம். கதையைத் தொடங்கும் முன் இந்தக் களங்கத்தைத் துடைத்துவிட வேண்டியிருக்கிறது. கரையான் அசையாத பொருளைத்தான் தின்னும். ரன் அடித்த மட்டை அசையாமல் இருந்ததே இல்லை. பிளந்தால் ஆணி அடித்தார்கள். ஆணி கழன்றால் சணல் சுற்றினார்கள். சணலும் அறுந்தால் அடியை அறுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு அது சில காலம் துணி துவைத்தது. கடைசியில் வெந்நீர் அடுப்புக்குப் போனது. கரையானின் முறை வரவே இல்லை.

ஆகவே, ஆட்டத்தில் ஆடிய பழைய மட்டை ஒன்று முழுசாகக் கிடைத்தால், அதை வைத்திருந்தவர் சீக்கிரம் அவுட் ஆகிறவர் என்று ஊகிப்பதில் பெரிய தவறில்லை.

காஞ்சிபுரம் ஏகாம்பரத்திடம் அப்படிப்பட்ட மட்டைகள் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. மோதிய லாரிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸுக்குச் சேத மதிப்பீடு செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கீறல் விபத்தில் விழுந்தது, எது அதற்குப் பிறகு விழுந்தது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். மட்டைகளையும் அந்தக் கண்ணோடுதான் வாங்கினார். சிவப்புத் தடம் பந்து பட்டதா, விற்கிறவர் பூசிய செருப்புப் பாலிஷா என்று அவரை ஏமாற்ற முடியாது.

ஒரு மாலை அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி தமயந்தி பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலேஜ்ல இதுமாதிரி ஒண்ணுல நான் ஒரு ஃபோர் அடிச்சிருக்கேன்" என்றாள்.

"அந்த எண்ணெய் பாட்டில மூடு. கொட்டிடப் போகுது" என்றார்.

மூடினாள்.

அவள் இறந்தபிறகுதான் அந்த வாக்கியம் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது. எந்த ஆட்டம், எந்த மைதானம், எந்த மட்டை என்று கேட்க இப்போது ஆள் இல்லை. வருஷத் திதிக்கு வந்த அவளுடைய கல்லூரித் தோழி ஒருத்தியிடம் கேட்டார்.

"கனகவல்லி அக்காதான் எங்களுக்குக் கேப்டன். மட்டை இருந்தா அவங்ககிட்டதான் இருக்கும்" என்றாள் தோழி. "ஏலகிரி அடிவாரத்துல இருக்காங்களாம். சாமியார் ஆயிட்டாங்கன்னு கேள்வி."

கேள்விப்பட்டதில் பாதி சரி. கனகவல்லியம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் கொட்டகை போட்டு, வருகிறவர்களுக்கு மதியம் கஞ்சி ஊற்றினார். கஞ்சி வேகும்வரை சும்மா உட்கார முடியாதவர்கள் அவரிடம் கேள்வி கேட்டார்கள். கிண்டிக்கொண்டே பதில் சொன்னார். கேள்வி கேட்பதற்காகவே சிலர் வரத் தொடங்கினார்கள். குரு என்றார்கள். அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினார்.

ஏகாம்பரம் ஒரு துணிப்பையோடு போய்ச் சேர்ந்தார். மனைவியின் கை பட்ட ஒரு கட்டைக்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல இந்த வயதில் கூச்சமாக இருந்தது. ஞானம் தேடி வந்திருக்கிறேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"அம்மா, பற்று எப்படி விடும்?" என்று கேட்டார்.

"எந்தப் பற்று?"

"பொதுவா."

"பொதுவா யாருக்கும் பற்று இருக்காது. நீளம், அகலம், எடை எல்லாம் இருக்கும். சொல்லுங்க."

மட்டையின் எடை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "யோசிச்சு சொல்றேம்மா" என்றார்.

மறுநாள் வேறு வழியில் வந்தார்.

"அழியற பொருள் எல்லாம் கடைசியில எங்கம்மா போகுது?"

"எந்தப் பொருள்?"

"உதாரணத்துக்கு, ஒரு மரம்."

"என்ன மரம்?"

"வில்லோ." கிரிக்கெட் மட்டை செய்கிற சீமை மரம் அது.

கொட்டகையில் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்த செங்கேணி அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "புளிய மரம், வேப்ப மரமெல்லாம் அழியாதா சார்?"

ஏகாம்பரம் அன்று வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் கொட்டகையைத் தானே முன்வந்து பெருக்கினார். பரணில் ஏறித் தூசி தட்டினார். சாக்குகளை நகர்த்தி, சுவரோரமெல்லாம் துடைத்தார். அடுப்புக்குப் போகும் ஒவ்வொரு விறகையும் வாங்கிப் புரட்டிப் பார்த்த பிறகே போகவிட்டார்.

"எத்தனையோ சிஷ்யருங்க வந்தாங்க. விறகுக்கு ஜாதகம் பாக்குறவரு இவருதாம்மா" என்றாள் செங்கேணி.

"பாக்கட்டும். எல்லாத்துக்கும் நெருப்புல கண்டம்னு சொல்லிடலாம்" என்றார் கனகவல்லியம்மா.

அந்த வார இறுதியில் கூட்டம் அதிகம். செங்கேணி அவசரத்தில் ஒரு கை விறகை அள்ளி அடுப்பில் திணித்தாள். அதில் ஒன்று தட்டையாக, ஒரு முனை குறுகி இருந்தது. ஏகாம்பரம் கத்திக்கொண்டே அடுப்புக்குள் கையை விட்டு அதைப் பிடுங்கினார்.

உடைந்த கட்டிலின் கால்மாட்டுப் பலகை.

செங்கேணி பதறிப்போய் அவர் கையைத் தண்ணீரில் அமுக்கினாள். "என்ன சார் இது! கேட்டா நானே எடுத்துக் குடுக்க மாட்டேனா?"

கனகவல்லியம்மா கிண்டுவதை நிறுத்தவில்லை. "எதைத் தேடுறீங்க ஏகாம்பரம்?"

"தமயந்தின்னு உங்க டீம்ல ஒரு பொண்ணு. நான் அவ வீட்டுக்காரர்."

"எங்க தமயந்தியா? முன்பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்குமே?"

"அவதாம்மா."

"எப்படி இருக்கா?"

ஏகாம்பரம் தண்ணீருக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அம்மா."

கஞ்சி கிண்டும் துடுப்பு அண்டாவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. 

"அவ ஒரு ஃபோர் அடிச்சதா சொன்னா" என்றார் ஏகாம்பரம். "அந்த மட்டை உங்ககிட்ட இருக்கும்னு வந்தேன். அலமாரியில நடுவுல இடம் விட்டு வெச்சிருக்கேன். அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கறது எல்லாம் யார் யாரோ ஆடினது. அவ தொட்டது ஒண்ணு கூட இல்ல. தினம் தூசி தட்டினதைத் தவிர."

"அடிச்சா" என்றார் கனகவல்லியம்மா. "உண்மைதான். அவ அடிச்சா."

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்கலியா?"

"எனக்கு எல்.பி.டபிள்யூ. குடுத்துட்டாங்க. இன்னிக்குக் கேட்டாலும் அது அவுட் இல்ல."

"ஸ்டம்ப் கோடு தாண்டிப் பட்டுதோ?" சேத மதிப்பீட்டாளர் ஒரு கணம் விழித்துக்கொண்டார்.

"நல்லா தாண்டி. விடுங்க. எங்க டீமுக்கு உருப்படியா ஒரே மட்டை. இன்னொண்ணு ஆணி அடிச்சது. நல்லதை வெச்சு ஆடறவ அவுட் ஆனா, எதிர்ல வர்றவ கையில குடுத்துட்டுப் போகணும். நான் இருந்த கோபத்துல குடுக்காம விறுவிறுன்னு நடந்துட்டேன். தமயந்தி என் பின்னாடியே ஓடி வர்றா. 'அக்கா, மட்டை! அக்கா, மட்டை!'ன்னு. மைதானமே சிரிச்சுது."

ஏகாம்பரமும் சிரித்தார். தமயந்தி ஓடி அவர் பார்த்ததில்லை.

"திரும்பாம கையை மட்டும் பின்னால நீட்டினேன். வாங்கிக்கிட்டா. நான் மரத்தடிக்குப் போய், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்துட்டேன்."

"அப்ப ஃபோர்?"

"சத்தம் கேட்டுச்சு."

"எப்படிப்பட்ட சத்தம்?"

கனகவல்லியம்மா யோசித்தார். "நடு மட்டையில பட்ட சத்தம்."

"எந்தப் பக்கம் போச்சும்மா?"

"அதான் பாக்கலியே."

"அவ சொல்லலியா?"

"சொல்லத்தான் வந்தா. அவுட் ஆகி வந்ததும் நேரா என்கிட்ட வந்து, 'பாத்தீங்களா அக்கா?'ன்னு நின்னா. 'கால் பேடைக் கழட்டு, அடுத்தவளுக்கு வேணும்'னு சொன்னேன்."

"கழட்டினாளா?"

"கழட்டினா."

ஏகாம்பரம் வேட்டி முனையால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் முதலில் நின்ற கிழவர் தட்டை வைத்துக்கொண்டு செருமினார். கனகவல்லியம்மா அகப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று துடுப்பை நீட்டினார்.

ஏகாம்பரம் எழுந்து போய் வாங்கினார். கனகவல்லியம்மா பிடித்திருந்த இடம் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது.

"சுடுதா?"

"கொஞ்சம்."

"அவளுக்கும் சுட்டிருக்கும். நான் மட்டையை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தேன்."

ஏகாம்பரம் கிண்டினார். கனகவல்லியம்மா தட்டுகளில் ஊற்றினார். நாலைந்து பேர் நகர்ந்தார்கள்.

"அந்த மட்டை, அம்மா?"

"தமயந்தி எதிர்ல வந்தவகிட்ட குடுத்தா."

"அவங்க?"

"அவளும் அவுட் ஆனா."

"கடைசியா யார் கையில இருந்துச்சு?"

"எங்க ஆட்டம் முடிஞ்சதும் வேற காலேஜ் பொண்ணுங்க இறங்கினாங்க. அவங்களுக்கு அந்த ஆணி மட்டை கூட இல்ல. வந்து கேட்டாங்க. குடுத்தோம். எங்களுக்கு பஸ் வந்துடுச்சு."

"திருப்பி வாங்கலியாம்மா?" ஏகாம்பரத்தின் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரே நல்ல மட்டை. தமயந்தி ஃபோர் அடிச்ச மட்டை. கையோட கேட்டு வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

கனகவல்லியம்மா அடுத்த தட்டுக்கு ஊற்றி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அவங்க ஆடிக்கிட்டிருந்தாங்க, ஏகாம்பரம்."

ஏகாம்பரம் அண்டாவின் பக்கம் திரும்பினார். வரிசை முடியும்வரை கிண்டினார். மறுநாள் காலை பஸ்ஸில் ஊர் திரும்பினார். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி அலமாரியைத் திறந்தார்.

அந்தக் கோடை விடுமுறையில் காஞ்சிபுரத்தில் அவருடைய தெருவில் பிள்ளைகள் அடித்த பந்து பட்டு நான்கு வீட்டு ஜன்னல்கள் உடைந்தன. ஒன்று அவருடையது.