உப்புக் கருவிக்குக் கட்டளை போட்ட மூவர்

வெட்டிக்குளம் தண்ணீர் ஆய்வகத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று மண்டையையும் தராசில் வைத்தால் முடியின் எடைதான் காட்டும். தலைவர் ஞானசிகாமணி. பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் ஊரில் ஏராளம். அவருக்குத் துணை பிச்சாண்டியும் தவசியும்.

ஊர்க்கிணற்றில் உப்பு எவ்வளவு என்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தையே மூடிவிடுவதாக மேலிடத்து உத்தரவு. மூடினால் ஞானசிகாமணி மைத்துனரின் கொப்பரைக் கடையில் போய்க் கைகட்டி நிற்கவேண்டும்.

உப்பை அளக்கப் புதுக் கருவி வந்திருந்தது. கணினியில் கட்டளை தட்டினால் அளந்து சொல்லும். கையேட்டின் முதல் வரி: "இக்கருவியைத் தொலைவிலிருந்து இயக்கவும்."

"பக்கத்துல உக்காந்து தட்டினா செல்லாதுடா" என்றார் ஞானசிகாமணி.

பிச்சாண்டி கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இரண்டையும் இணைக்கும் கம்பி ஆறடிதான். கருவி கீழே விழாமல் தவசி ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயாயிற்று.

"ஐயா, எவ்வளவு நடந்தாலும் இது ஆறடியிலயே வருதே!"

"பிடிவாதம் புடிச்ச சாமானா இருக்கும் போல" என்றார் தலைவர்.

திரும்பி வந்து கூடிப் பேசினார்கள். கடைசியில், ஞானசிகாமணி கையேட்டோடு எதிர்ச்சாரி சைக்கிள் கடை வாசலில் நின்று கத்துவது, தவசி உள்ளே தட்டுவது என்று முடிவாயிற்று.

கிணற்றுத் தண்ணீர் மூன்றாம் குடுவையில் இருந்தது. கையேட்டில் கண்டபடி அவர் கத்தினார்: "அளவிடு, குடுவை எண்ணை இங்கே எழுதுக!"

தவசி ஓரெழுத்து விடாமல் தட்டினான். திரையில் 'பிழை: எண் இல்லை' என்று வந்தது.

"எண் எங்கேன்னு கேக்குது ஐயா!"

"இந்தா எழுதிட்டேன்." கையேட்டில் அந்த இடத்தில் பேனாவால் 3 என்று போட்டு, அடிக்கோடும் இழுத்தார். மறுபடி பிழை.

"அவ்வளவு தூரம் அதுக்குக் கண்ணு தெரியலையோ என்னமோ" என்றான் பிச்சாண்டி.

ஞானசிகாமணி ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, பக்கத்தைக் கருவியின் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு, கிட்டே நின்றது யாருக்கும் தெரிவதற்குள் திரும்பி ஓடினார். மறுபடி பிழை.

பிச்சாண்டிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தோள் துண்டை உருவி விசைப்பலகையில் ஓங்கி ஒரு அறை. அந்த அறையில் 'குடுவை எண்ணை இங்கே எழுதுக' அழிந்து, அந்த இடத்தில் 3 விழுந்து, எண்டர் விசையும் விழுந்தது. 'உப்பு: 410' என்றது திரை.

மணி நாலரை. மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"குறிச்சுக்கட்டுமா ஐயா?"

"அவசரப்படாதே. அடுத்த வரியைப் பாரு. 'அளந்து முடிந்ததும், மீள் என்ற கட்டளையால் கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவருக.'"

தட்டினார்கள். எண் மறைந்து திரை வெளுத்தது.

"மீளலையே ஐயா" என்றான் தவசி. "வந்தப்போ பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு?"

தெர்மாகோல் வைத்துப் பெட்டிக்குள் இறக்கி, டேப் ஒட்டினார்கள். தண்ணீரைக் கிணற்றிலேயே கொண்டுபோய் ஊற்றினார்கள். அப்போதும் ஞானசிகாமணிக்கு மனம் ஆறவில்லை.

"இது தொழிற்சாலையிலேருந்து கெளம்பின அன்னைக்கு நாம எங்கடா இருந்தோம்?"

"வேலைக்கே சேரலையே ஐயா!"

ஐந்து அடித்தது. ஆய்வகத்தை மூடுவதா வேண்டாமா என்று பார்க்கக் கோட்ட அதிகாரி நாச்சியார் ஜீப்பில் வந்து இறங்கினார். வாசலில் மூன்று பேர், தலையைப் படிய வாரி, கையில் சான்றிதழ்களோடு வரிசையாக நின்றார்கள்.

"முடிவு எங்கேய்யா? தலைவர் ஞானசிகாமணி யாரு?"

முதலில் நின்றவர் பணிவாகக் குனிந்தார்.

"தெரியலைங்க மேடம். நாங்க வேலையில சேர இப்பத்தான் வந்திருக்கோம். அவரைத்தான் நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்."