முத்து என்று சொல்ல மறுத்த ஆட்காட்டி

காட்டு மடு ஒன்றை ஒரு முதலை ஆண்டு வந்தது. காலையில் கரையேறி, வாயைப் பிளந்துகொண்டு படுக்கும். தண்ணீர் குடிக்க வரும் எவரும் முதலில் அதன் பல்லைப் புகழ வேண்டும். அதுதான் மடுவின் சட்டம்.

பல்லோ மஞ்சளும் பழுப்புமாகத் தடித்துக் கிடந்தது. "அத்தனையும் முத்துப் பூச்சு, ராசா!" என்று நீர்நாய் ஒருநாள் சொல்லிவைத்தது. அதற்கு முதலை பிடிக்கும் மீனில் பங்கு கிடைத்தது. அன்று முதல் மானும் முயலும், "முத்து! முத்து!" என்று சொன்ன பிறகே குனிந்து குடித்தன.

அந்தப் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சியைக் கொத்தித் தின்று பிழைத்தது ஆட்காட்டிக் குருவி. கரைச் சரளையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முதலையின் ஈறு வீங்கி ரத்தம் கசிவதைக் கிட்டத்தில் பார்த்தது அது மட்டும்தான்.

ஒரு காலை முதலை கேட்டது: "ஏ குருவி, எல்லாரும் புகழ்றாங்க. நீ மட்டும் வாயே திறக்கிறதில்லையே?"

"உங்க வாய்க்குள்ள நின்னுக்கிட்டு நான் எங்க வாயைத் திறக்கிறது, ராசா? நாத்தம் தாங்கல!"

தண்ணீர் குடிக்க வந்த மான்கள் இரண்டடி பின்வாங்கின.

"திமிரா? முத்துன்னு சொல்லு!"

"முத்து இல்லை, ராசா. காரை."

"காரையா?"

"அதோ இடிஞ்ச மண்டபம். கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பு அப்பி இறுகிக் கிடக்குதே, அதுக்குக் காரைன்னு பேரு. உங்க பல்லுலயும் அதே மாதிரி படிஞ்சு இறுகிப்போச்சு. அங்க அது கல்லைத் தாங்குது. இங்க பல்லை ஆட்டுது!"

நீர்நாய் இளித்தது. "ராசா வாயில இடிஞ்ச மண்டபமாம்! கேட்டீங்களா?"

"முத்துன்னு சொல்லு! இல்லேன்னா உன் நாலு முட்டையும் என் வாலுக்கு அடியில!" என்று முதலை உறுமியது.

ஆட்காட்டி தன் முட்டைகளை ஒருமுறை பார்த்தது. பிறகு மெல்லிய கால்களை அகட்டி, கீழ்த்தாடையிலேயே ஊன்றி நின்றது.

"முட்டையை நசுக்கினாலும் இது காரைதான். என்னைக் கடிச்சாலும் காரைதான். பற்காரை! பற்காரை!"

முதலை படீரென்று வாயை மூடியது. குருவி அதற்குள் பறந்துவிட்டது. தாடை மோதிய வேகத்தில் முன்பல் ஒன்று காரையோடு பெயர்ந்து மணலில் விழுந்தது. முதலை வலியில் புரண்டு அலறியது.

"ஆகா, முத்து உதிர்ந்தது, ராசா!" என்றது நீர்நாய், பழக்க தோஷத்தில்.

ஒரே வாலடி. நீர்நாய் மடுவின் அக்கரையில் போய் விழுந்தது. முதலை குருவியைப் பார்த்து முனகியது: "மிச்சத்தைக் கொத்தி எடுத்துடு, தாயி."

"எடுக்கிறேன். ஆனா உங்க வால் என் முட்டைப் பக்கம் வரக்கூடாது. எல்லாரும் இனிமே உங்களைப் புகழாமலே தண்ணி குடிப்பாங்க. சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!" என்று முதலை வாயைத் திறந்தது.

அச்சத்தால் அழகான பெயர் சூட்டிவிட்டால் கேடு மறைந்துவிடாது. அதன் உண்மைப் பெயரைச் சொல்லத் துணிந்தவரால்தான் அது தீரும்.